பிள்ளையின் ஈரலில் கொழுப்பா? ஊசி குத்தாமல் பார்க்கலாம்

பேரன் கொழுகொழுவென்று இருப்பது பாட்டிக்குப் பெருமைதான். ஆனால் அவனது பின்கழுத்து கறுத்து, வெல்வெட் துணிபோல் தடித்திருக்கிறதா? அது பெரும்பாலும் அழுக்கல்ல. தேய்த்துக் குளிப்பாட்டினாலும் போகாது. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். இப்படிப்பட்ட பிள்ளைகள் பலருக்கு ஈரலிலும் கொழுப்பு சேர்ந்திருக்கும். வலியே இருக்காது என்பதுதான் சிக்கல். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ஈரல் தழும்பேறி இறுகிவிடும்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினருக்கு எடை அதிகம். பெரியவர்களில் இந்தியர்கள்தான் முன்னணி: 63.9 விழுக்காடு. விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஜொகூர் பாரு பெற்றோருக்குச் சமைக்க நேரம் ஏது? பிள்ளைக்கு ரொட்டி சானாயும் இனிப்புப் பானமும்தான்.

பருமனான பிள்ளைகளுக்கு 9 முதல் 11 வயதுக்குள் 'ஏஎல்டி' ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறது வட அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் 2017 வழிகாட்டி. பெண் பிள்ளைக்கு 22, ஆண் பிள்ளைக்கு 26 என்பதே அதன் உச்ச வரம்பு. பல ஆய்வுக்கூடங்களின் வரம்பு இதைவிட உயரம் என்பதால், அறிக்கையில் 'நார்மல்' என்று இருந்தாலும் எண்ணைப் பாருங்கள்.

சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் குறைந்த கொழுப்பைத் தவறவிடும். அது 'கிளியர்' என்றால் ஈரலில் கொழுப்பே இல்லை என்று அர்த்தமில்லை. ஃபைப்ரோஸ்கேன் வேறு மாதிரி. மூன்று மணி நேரம் சாப்பிடாமல் போய், மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் வைக்க வேண்டும். விலா எலும்புகளுக்கு நடுவே லேசாகச் சுண்டியதுபோல் பத்துத் தடவை; அவ்வளவுதான். அந்த அதிர்வு ஈரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை வைத்து இறுக்கத்தை அளக்கிறார்கள். கொழுப்புக்கும் தனி எண் வரும். கொழுப்பை மிகத் துல்லியமாக அளப்பது எம்ஆர்ஐ. 5 விழுக்காட்டைத் தாண்டினால் கொழுப்பு ஈரல். செலவு அதிகம், எல்லாருக்கும் தேவையுமில்லை. மருத்துவருக்குச் சந்தேகம் தீராவிட்டால் மட்டுமே ஊசி போட்டு ஈரல் துணுக்கு எடுப்பார்கள்.

அந்த எம்ஆர்ஐ அளவைக் கொண்டே அமெரிக்காவில் 40 பையன்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. சேர்க்கப்படும் சர்க்கரையை எட்டு வாரம் வெகுவாகக் குறைத்தவர்களின் ஈரல் கொழுப்பு சராசரியாக 25 விழுக்காட்டிலிருந்து 17 ஆனது; வழக்கம்போல் சாப்பிட்டவர்களுக்கு 21 இலிருந்து 20. பையனுக்கு மட்டும் பத்தியச் சாப்பாடு போடவில்லை. அப்பா, அம்மா, தம்பி, தங்கை என வீடு முழுவதற்கும் அதே சாப்பாடுதான்.