மிகைச் சுரப்பும் இருதயமும்

நமது கழுத்தின் முன்புறத்தே, குரல்வளைக்குச் சற்றுத் தாழ, மூச்சுக்குழலைத் தழுவி நிற்பது தைராயிடு என்னும் சுரப்பி. கேடயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் அப்பெயர் பிறந்தது. காக்குங் கருவியின் பெயர் பூண்ட இவ்வுறுப்பு அளவு கடந்து சுரக்குமாயின் இருதயத்தையே பெரிதும் தாக்குகின்றது என்பது வியப்பன்றோ! ஆங்கில மருத்துவர் பாரி என்பார் 1786ஆம் ஆண்டிலேயே கழலையும் இருதய நோயும் ஒருங்குற்ற ஒருவரைக் கண்டு குறித்துவைத்தார். அக்குறிப்பு அவர் இறந்தபின் 1825இல் அச்சேறிற்று.

சுரப்புநீர் மிகுந்தவழி நாடி விரையும். குருதிக் குழல்கள் தளர்ந்து விரியும். இருதயம் ஓய்வின்றிக் குருதியைத் தள்ளும். முதியோர் சிலரிடத்து அதன் மேலறைகள் ஒழுங்கிழந்து துடிக்கும். அங்ஙனம் துடிக்குங்கால் அவற்றில் தேங்கிய குருதி உறைந்து மூளைக்குச் செல்லின் பக்கவாதம் விளையும்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்துத் தொழிற்பேட்டையில் இரவும் பகலும் முறைமாறி உழைப்பார் இதனை அறிதல் நன்று. படபடப்பையும் வியர்வையையும் கைந்நடுக்கத்தையும் கோடை வெப்பத்தின்மேலும் இராவிழிப்பின்மேலும் ஏற்றிக் கூறுதல் எளிது. ஒரு குருதிச் சோதனையோ உண்மையை உணர்த்திவிடும்.

இனி மருந்துகளை நோக்குவோம். சுரப்பைத் தடுக்கும் கார்பிமசோல் மாத்திரை, முன்னரே சேமிக்கப்பட்ட நீர் தீருங்காறும், சில வாரங்கள் தாழ்த்தே பயன்தரும். இடைக்காலத்தில் இருதய விரைவை அடக்குவது புரொப்ரனலால். அதனை ஆக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபெல் பரிசு பெற்றார். ஆயினும் அது நோயின் வேரைக் களையாது. இரைப்பு நோயுடையார்க்கு ஆகாது. அறுவைச் சிகிச்சையும் உண்டு. கதிரியக்க அயோடினோ 1941இல் பாஸ்டன் நகரிற் சால் ஹெர்ட்ஸ் என்பவரால் முதன்முதல் நோயாளிக்கு அளிக்கப்பட்டது. நம் நாட்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் பிறவிடங்களிலும் அளிக்கப்படுகின்றது. சுரப்பி அதனைத் தானே ஈர்த்து, அதனாலேயே அழியும். அழியுங்கால் சிலர்க்குச் சேமித்த நீர் வெளிப்பட்டு இருதயத்தை மேலும் வருத்துமாகலின், முதியோர்க்கு முன்னரே மாத்திரை கொடுப்பதுண்டு.

பர்மிங்காம் நகரில் இம்மருந்து பெற்ற 7209 பேரை ஆராய்ந்து 1998இல் வெளிவந்த கட்டுரை, இருதய நோயாலும் குருதிக்குழல் நோயாலும் இறந்தோர் எதிர்பார்த்ததினும் மிக்கிருந்தனர் என்றது. மருந்தே நஞ்சாயிற்றோ என்று ஐயுற இடமுண்டாயிற்று. 2005இல் அந்நகரத்தாரே வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி அவ்வையத்தைப் பெரிதும் போக்கிற்று. சுரப்பு அற்றுத் தைராக்சின் மாத்திரை உண்ணத் தொடங்கியபின் அம்மிகுதி காணப்படவில்லை. எனவே, குற்றம் அயோடினுடையதன்று, அரைகுறையாய் அடங்கிய நோயினுடையதே என்பது எமது துணிபு. படபடப்பு நின்றவளவில் மாத்திரையைக் கைவிடுவார் இதனைக் கருதுவாராக.

சுரப்புக் குறைந்தவழியும் கேடுண்டு: நாடி தளரும், குருதியிற் கொழுப்பு மிகும். தைராக்சின் மிகினோ பழைய படபடப்பே மீளும். ஆதலின் சிகிச்சைக்குப் பின்னும் குருதியை அவ்வப்போது சோதித்தல் இன்றியமையாதது. சுரப்புச் செம்மையுற்ற சில திங்களிற் பெரும்பாலோர்க்கு மேலறைகளின் துடிப்புத் தானே ஒழுங்குறும். அங்ஙனம் உறாதார்க்குக் குருதி உறைதலைத் தடுக்கும் மருந்தை மருத்துவர் தொடர்ந்து கொடுப்பர்.