தூரத்திலிருந்து தரும் சங்கீதப் பரீட்சை

நாஞ்சில் நாட்டில் பிறந்து சங்கீதத்தை முறையாய்ப் பயில விரும்பிய வாலிபர், முற்காலத்தில் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர் செல்வதன்றி வேறு வழியறியார். 1929-ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய இசைக் கல்லூரியும், 1939-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரைத் தலைவராகக் கொண்டு தொடங்கிப் பின்னர் சுவாதித் திருநாளின் பெயர் பூண்ட கலாசாலையும் அத்தகையோர்க்குப் புகலிடமாயின. இக்காலத்திலோ, கடல் கடந்த சர்வகலாசாலைகளின் சங்கீதப் பகுதியினர், நாகர்கோவிலில் நம் வீட்டு முன்னறையில் இருந்தபடியே நம்மைப் பாடச் சொல்லிக் கேட்கின்றனர். 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோயால் பரவிய இவ்வழக்கம், நோய் தணிந்த பின்னும் பலவிடங்களில் நிலைபெற்றுவிட்டது. விமானக் கட்டணத்திற்கு வகையில்லாத மாணவர்க்கு இது பெருவாய்ப்பு. ஆயினும், பாட்டிற் குறையில்லாதவரும் இடையே நிற்கும் யந்திரத்தின் இயல்பை அறியாமையால் தோல்வியுறக் கூடுமாதலின், அதனைச் சிறிது விளக்கக் கருதினோம்.

முகங்காணாது கேட்டுத் தீர்ப்புச் செய்வது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1952 முதல் 1962 வரை ஒலிபரப்பு மந்திரியாயிருந்த பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி அம்முறையை ஏற்படுத்தியது. பாடுவோர் ஓர் அறையில். நடுவர் மற்றோர் அறையில். ஆனால் வானொலிக் கூடத்தில் ஒலியைக் காப்பதற்குத் தேர்ந்தவர் இருந்தனர். வீட்டிலோ அப்பொறுப்பும் மாணவனைச் சார்ந்தது.

ஜூம் முதலிய செயலிகள் பேச்சினை நோக்கியே அமைந்தவை. பேச்சு விட்டு விட்டு வரும். மின்விசிறியின் இரைச்சலோ ஒரே சீராய் ஓயாது ஒலிக்கும். ஆகவே ஓயாது ஒலிப்பதனை இரைச்சலென்று கொண்டு யந்திரம் நீக்க முயல்கின்றது. இந்நிலையில் தம்புராவின் கதி யாதாகும்? சுருதிப்பெட்டி நம் அருகில் இனிது ஒலித்துக்கொண்டிருக்க, நடுவர் செவிக்கு அது சேராமற் போகலாம். நீண்ட கார்வையின் மெல்லிய முடிவும் அவ்வாறே அறுபடும். அன்றியும், உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லொலியை உயர்த்தும் ஏற்பாடொன்று உண்டு. பியானோ வாசிப்பவர் பல்லாண்டு பழகிய ஏற்றத்தாழ்வையெல்லாம் அது மட்டமாக்கிவிடும். செயலியின் ஒலி அமைப்பிலே, இசைக்கென மூல ஒலியை மாற்றாது அனுப்பும் வசதி உள்ளது. அதனைத் திறந்து, மற்றையவற்றை மூடி, முந்திய நாளே வேறூரிலுள்ள நண்பரொருவரைக் கேட்கச் செய்தல் வேண்டும். நம் அறையில் நாம் கேட்பது சாட்சியாகாது.

பக்கவாத்தியத்தைப் பற்றியும் ஒன்று கூறுவோம். ஒலி காற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்லும். விநாடியில் நூற்றில் மூன்று பங்கு தாமதித்தால், பத்து மீட்டருக்கு அப்பால் நிற்பவரோடு தாளம் சேர்ப்பதற்கு ஒப்பாம். இணையத்தில் தாமதம் பெரும்பாலும் அதனினும் மிகுதி. ஆகையால் பாடுபவர் கோட்டாற்றிலும் மிருதங்கக்காரர் ஒழுகினசேரியிலும் இருந்துகொண்டு சேர்ந்திசைத்தல் இயலாது. இருவரும் ஓரறையில் அமர்க.

நேரத்தையும் கணக்கிடுக. நியூயார்க்கில் குளிர்காலத்துக் காலை 10 மணி நமக்கு இரவு 8.30. அந்நேரத்திற்கேற்பச் சில நாள் சாதகம் செய்வது நலம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும், தகரக் கூரையில் விழும் மழையும், அம்மன் கொடைக்கும் ஆலயத் திருவிழாவுக்கும் கட்டப்படும் ஒலிபெருக்கியும் நம்மைக் கேட்டு வருவனவல்ல. மாற்றிடம் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பது விவேகம்.

சிலவிடங்களில் முன்பே பதிவு செய்து அனுப்பல் வேண்டும். இலண்டனைச் சேர்ந்த ஏ.பி.ஆர்.எஸ்.எம். 2020-ஆம் ஆண்டில் தொடங்கிய பரீட்சையில் நான்கு உருப்படிகளை இடைநிறுத்தாது ஒரே பதிவாக வாசித்தல் வேண்டும். மொத்தம் 150 மதிப்பெண்ணில் 30, முழு வாசிப்பின் ஒருமைக்கே உரியது. ஒரு சிறு பிழைக்காக நாற்பது முறை பதிவு செய்வோர் உளர். நாற்பதாவது பதிவில் பிழை இராது, உயிரும் இராது. நாளொன்றுக்கு மூன்று பதிவுக்கு மேல் செய்தல் வீணென்பது எம் கருத்து.

பாட்டிற்குப் பின் நேர்முகம். ‘இங்கு ஏன் பயில விரும்புகின்றாய்? யாரிடம் கற்றாய்?’ என்று கேட்பர். மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியங்களை ஒப்பிப்பவர், குறுக்கே ஒரு வினா எழுந்தவுடன் திகைப்பர். அதனினும் வருந்தத்தக்கது, தம் ஊர்க் கலையை மறைப்பது. பாட்டனார் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர் என்பதைச் சொல்ல நம் பிள்ளைகளிற் சிலர் கூசுகின்றனர். கேட்கும் பேராசிரியரோ, கீர்த்தனம் பாடுவோர் பலரைக் கேட்டிருப்பார். வில்லின் நாணிலே வீசுகோல் விழ, மணிகள் குலுங்கக் கதை நடப்பதைக் கண்டிருத்தல் அரிது. அவர் மேலும் வினவுவார். கூடுமாயின், அவ்வில்லையும் குடத்தையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்க. இருந்த இடத்திலிருந்தே எடுத்து இசைத்துக் காட்டலாம்.