வெள்ளி ஏறினால் பட்டறைக்கு யோகமா?

வெள்ளி விலை ஏறினால் பட்டறைக்காரருக்கு யோகம் என்பார்கள். கணக்கு வேறு. 2025 தொடக்கத்தில் கிலோ 90,000 ரூபாய் அளவில் இருந்த வெள்ளி, அதே ஆண்டு டிசம்பரில் 2 லட்சத்தைத் தாண்டியது. தட்டு, டம்ளர், கிண்ணம் அடிக்கும் சிறு தொழிலாளி, ஜவேரி பஜாரில் அதே எடைக் கட்டிக்கு இருமடங்கு முதல் போட வேண்டும். கூலி அப்படியா ஏறும்?

மாதுங்காவில் கல்யாணச் சீர் வாங்க வரும் நம்மவர் சம்பளமும் ஏறவில்லை. தட்டின் அகலம் குறையக் கூடாது, விலை மட்டும் குறைய வேண்டும் என்கிறார்கள். ஆகவே தகடு மெலிகிறது. நாலு முறை துலக்கினால் நசுங்கும். கெட்ட பெயர் பட்டறைக்கு!

ஒட்டு வைத்த சாமான்களில் இன்னொரு சங்கதி. ஒட்டும் பற்றாசில் வெள்ளி குறைவு. பழசாகப் போடும்போதுதான் அது தெரியும். 2025 செப்டம்பர் 1 முதல் ஹால்மார்க் வெள்ளிக்கும் அடையாள எண் வந்தது, ஆனால் கட்டாயமாக்கவில்லை. கேட்டு வாங்குபவருக்கே கிடைக்கும்.