பால் கட்டி என்று போகும் 10 வாரம்

கொழும்பு மாளிகாவத்தைத் தொடர்மாடியில் கர்ப்பிணி ஒருத்தி மார்பில் கட்டி என்றால், உம்மா சொல்வது இதுதான்: "பால் கட்டியிருக்கும், பிள்ளை கிடைச்சாக் கரைஞ்சிடும்." பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். எல்லா வகைப் புற்றுநோயையும் சேர்த்தாலே சுமார் 1,000 கர்ப்பங்களுக்கு 1 என்ற அளவில்தான் தெரியவருகிறது. ஆனாலும் 2 வாரம் கடந்தும் கரையாத கட்டியைக் காட்டியே ஆகவேண்டும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கதிர்வீச்சு 0. ஊசி போட்டுச் சதை எடுப்பதாலும் பிள்ளைக்குக் கேடில்லை.

புற்றுநோய் என்று உறுதியானால், காசைவிட வாரம்தான் தட்டுப்பாடு. பிள்ளையின் உறுப்புகள் உருவாகும் முதல் 12 முதல் 14 வாரங்களில் கீமோ கொடுப்பதில்லை. 35ஆம் வாரத்துக்குப் பிறகும் இல்லை: கடைசி மருந்துக்கும் பிரசவத்துக்கும் 3 வார இடைவெளி வேண்டும், தாயின் இரத்த அணுக்கள் மீள. வழக்கமான மார்பகக் கீமோ 21 நாளுக்கு ஒரு முறை, 4 முறை. 16ஆம் வாரத்தில் கண்டுபிடித்து, சத்திரசிகிச்சை முடித்து, 21இல் தொடங்கினால் 24, 27, 30, கணக்கு முடிகிறது. பால் கட்டி என்று 10 வாரம் போய் 26இல் வந்தவளுக்கு, கீமோவை முதலில் வைத்தாலும் 28, 31, 34. மூன்றுதான். நான்காவது பிரசவத்துக்குப் பிறகு. கதிர்ச் சிகிச்சையும் அப்போதுதான்.

மருந்தின் அளவை உடற்பரப்பைப் பார்த்துத்தான் கணக்கிடுவார்கள்: 155 சென்ரிமீற்றர் உயரம், 60 கிலோ எடை என்றால் 1.6 சதுர மீற்றர். சிவப்பு மருந்தான டொக்சோரூபிசின், சதுர மீற்றருக்கு 60 மில்லிகிராம் வீதம், 96 மில்லிகிராம். வயிறு வளர வளர எடை ஏறும், அளவையும் திருத்திப் போடுவார்கள்.

"பிள்ளைக்கு?" என்று கேட்காத தாய் இல்லை. பெல்ஜியத்தின் ஃபிரெடெரிக் அமான்ட் குழு 2015இல் கர்ப்பத்தில் புற்றுநோய் தெரியவந்த தாய்மாரின் 129 பிள்ளைகளைப் பற்றி எழுதியது. 96 பேர் வயிற்றிலேயே கீமோவைக் கண்டவர்கள். அறிவுத்திறன் புள்ளியின் நடுமதிப்பு 101. ஒப்பிட்ட பிள்ளைகளுக்கு 100. ஆனால் கருப்பையில் கூடுதலாக இருந்த ஒவ்வொரு வாரத்துக்கும் அந்தப் புள்ளி ஏறியது. மருந்துக்குப் பயந்து பிள்ளையை முன்கூட்டியே எடுத்துவிட அவசரப்படுவது அதனால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை அரசுடையது, சிகிச்சைக்குக் கட்டணமில்லை. போக்குவரத்துச் செலவு நம்முடையது. ஒரு முறைக்கு இரத்தப் பரிசோதனை 1 நாள், மருந்து 1 நாள்: மொத்தம் 8 பயணம். ஒரு தடவை போக சுமார் 15 கிலோமீற்றர், 8 தடவையும் போய்வர 240. துணைக்கு ஒருவர், அவருடைய 8 நாள் கூலி. மகப்பேற்று கிளினிக் நாட்கள் இதில் சேரவில்லை. மருந்து ஏறிய அன்று மாலை, 138 பஸ்ஸில் கர்ப்பிணிகளுக்கு ஒதுக்கிய இருக்கையில் அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும், வாந்திக்கு.