ஆறு மில்லிமீட்டர் கணக்கு

நம் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்குக் கார் மோகம் உண்டு. கல்லூரிக்குப் போகும் பையன் சாப்பிட உட்காரும்போது 'ஸ்ட்ரோக்கர் எஞ்சின்' என்று பேச ஆரம்பித்தால் பெற்றோர் விழிக்கிறார்கள். பையனும் 'கிராங்க்கை மாற்றினால் பவர் கூடும்' என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன கணக்கு இருக்கிறது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை இரு தரப்புக்கும் புரியும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பள்ளிக்கூடக் கணக்குத் தெரிந்தால் போதும்.

போரும் ஸ்ட்ரோக்கும்

சிலிண்டரின் உள்விட்டத்துக்கு 'போர்' என்று பெயர். பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் தூரம் 'ஸ்ட்ரோக்'. இந்த இரண்டும் சிலிண்டர்களின் எண்ணிக்கையும் சேர்ந்ததுதான் எஞ்சினின் கொள்ளளவு, அதாவது நாம் சொல்லும் சி.சி. கிணற்றில் அதிக நீர் கொள்ள வேண்டுமானால் அகலப்படுத்தலாம், அல்லது ஆழப்படுத்தலாம். எஞ்சினிலும் அதே இரண்டு வழிகள்தான். ஆழப்படுத்தும் வழிக்குத்தான் ஸ்ட்ரோக்கர் என்று பெயர்.

உதாரணத்துக்கு ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் செய்த 4ஜி63 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 1992இல் வெளிவந்த முதல் லான்சர் எவல்யூஷன் தொடங்கி ஒன்பதாவது எவல்யூஷன் வரை இதன் டர்போ வடிவம்தான் பொருத்தப்பட்டது. நான்கு சிலிண்டர்கள், போர் 85 மி.மீ., ஸ்ட்ரோக் 88 மி.மீ., கொள்ளளவு 1997 சி.சி.

போரை 1 மி.மீ. கூட்டினால் கிடைப்பது சுமார் 47 சி.சி. மட்டுமே. அதற்கு மேல் குடைந்தால் சிலிண்டர் சுவர் மெலிந்துபோகும். டர்போவின் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய சுவரை மெலிய வைப்பது நல்லதல்ல.

இதே குடும்பத்தில் 4ஜி64 என்று ஒரு 2.4 லிட்டர் எஞ்சின் உண்டு. அதன் ஸ்ட்ரோக் 100 மி.மீ. அந்தக் கிராங்க் ஷாஃப்டை 4ஜி63 பிளாக்கில் பொருத்தினால் கொள்ளளவு 2270 சி.சி. ஆகிறது. அதாவது 13.6 சதவீதம் அதிகம்.

அந்த ஆறு மில்லிமீட்டர்

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கிராங்க்கின் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்தளம் வரை உயரம் 229 மி.மீ. இந்த உயரத்துக்குள் மூன்று அளவுகள் அடங்க வேண்டும். ஸ்ட்ரோக்கில் பாதி 44, கனெக்டிங் ராடின் நீளம் 150, பிஸ்டன் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை 35. கூட்டினால் சரியாக 229.

புதிய கிராங்க்கில் ஸ்ட்ரோக்கின் பாதி 50. கூட்டுத்தொகை 235 ஆகிவிடுகிறது. பிஸ்டன் பிளாக்குக்கு மேலே 6 மி.மீ. நீட்டிக்கொண்டு, வால்வுகளிலும் சிலிண்டர் ஹெட்டிலும் போய் முட்டும். அந்த ஆறு மில்லிமீட்டரை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். வழிகள் மூன்று.

1. பிஸ்டனில் பின் துளையை மேலே ஏற்றுவது. 35 என்பது 29 ஆகும். பெரும்பாலோர் செய்வது இதுதான். பிஸ்டன் எடை குறைவது ஒரு லாபம். ஆனால் வளையங்களுக்கு இடம் நெருக்கடியாகிவிடும். சில பிஸ்டன்களில் பின் துளை எண்ணெய் வளையத்தின் பள்ளத்தையே வெட்டிக்கொண்டு போகும். அப்போது தனியாக ஒரு தாங்கு வளையம் போட வேண்டும். ஃபோர்ஜிங் முறையில் செய்த பிஸ்டன்தான் இதற்கு ஏற்றது.

2. ராடைக் குட்டையாக்குவது. ராடின் சாய்வு மேலும் மோசமாகும் என்பதால் இதை ஒதுக்கிவிடலாம்.

3. உயரமான பிளாக்கைப் பயன்படுத்துவது. 4ஜி64இன் சொந்தப் பிளாக்கின் உயரம் 235 மி.மீ. கம்பெனிக்காரர்கள் ஆறு மில்லிமீட்டரை அங்கேதான் எடுத்தார்கள்.

கம்ப்ரஷன் கணக்கு

பலர் மறந்துவிடும் விஷயம் இது. பழைய எஞ்சினில் ஒரு சிலிண்டருக்குச் சுமார் 499 சி.சி. கம்ப்ரஷன் விகிதம் 8.8 என்றால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் 64 சி.சி. அந்த இடத்தை மாற்றாமல் ஸ்ட்ரோக்கை மட்டும் கூட்டினால், ஒரு சிலிண்டருக்கு 567 சி.சி. ஆகி, விகிதம் 9.9 வரை ஏறிவிடும். டர்போ எஞ்சினுக்கு இது ஆபத்து. பெட்ரோல் கலவை உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து 'நாக்கிங்' வரும், பிஸ்டனே உடையலாம். ஆகவே புதிய பிஸ்டனின் தலையில் சுமார் 9 சி.சி. அளவு கூடுதலாகக் குழி வைத்து, விகிதத்தைப் பழைய 8.8க்குக் கொண்டுவர வேண்டும்.

லாபம் என்ன?

டர்போசார்ஜரைச் சுழற்றுவது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை. பெரிய எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் அதிகப் புகையைத் தள்ளுவதால், டர்போ சில நூறு சுற்றுகள் முன்னதாகவே விழித்துக்கொள்கிறது. முறுக்கு விசை கீழ்வேகத்திலேயே கிடைக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டுக் காத்திருக்கும் நேரம் குறைகிறது.

ஆனால் உச்சபட்ச குதிரைத்திறனும் இதே விகிதத்தில் ஏறும் என்று நினைக்கக் கூடாது. டர்போவும் சிலிண்டர் ஹெட்டும் பழையவையாகவே இருந்தால், அவற்றின் வழியே செல்லக்கூடிய காற்றின் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பைக் குறைந்த சுற்றிலேயே எட்டிவிடுகிறோம், அவ்வளவே.

விலை என்ன?

ஸ்ட்ரோக்கை இரண்டால் பெருக்கி, நிமிடச் சுற்றால் பெருக்கி, 60ஆல் வகுத்தால் பிஸ்டனின் சராசரி வேகம் கிடைக்கும். 7000 சுற்றில் பழைய எஞ்சினுக்கு நொடிக்கு 20.5 மீட்டர், புதியதற்கு 23.3 மீட்டர். பழைய வேகத்துக்குள் நிற்க வேண்டுமானால் புதிய எஞ்சினை ஏறத்தாழ 6150 சுற்றோடு நிறுத்த வேண்டும். அதே 7000 சுற்றில் ஓட்டினால், பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது ராடை இழுக்கும் விசை, எடை சமமாக இருந்தால், 17 சதவீதம் கூடுகிறது. ராடின் சாய்வும் 17 டிகிரியிலிருந்து பத்தொன்பதரை டிகிரி ஆவதால், பிஸ்டன் சிலிண்டர் சுவரைப் பக்கவாட்டில் அழுத்துவதும் தேய்மானமும் கூடும்.

ஒப்பிட்டுப் பார்க்க நம் ரயில்வேயின் டபிள்யு.டி.எம்-2 டீசல் லோகோவைப் பாருங்கள். ஸ்ட்ரோக் 266.7 மி.மீ. ஆனால் முழு வேகமே 1000 சுற்றுதான். பிஸ்டன் வேகம் நொடிக்கு 8.9 மீட்டர். பல்லாண்டு உழைத்ததற்கு இந்த நிதானமும் ஒரு காரணம். பின்னர் 1990களில் 2600 குதிரைத்திறனை 3100 ஆக்கி டபிள்யு.டி.எம்-3ஏ வந்தபோது, போரையும் ஸ்ட்ரோக்கையும் தொடவில்லை. மேம்பட்ட டர்போசார்ஜரும் பெரிய எரிபொருள் பம்புகளும்தான் முக்கிய மாற்றங்கள். டர்போ எஞ்சினில் கிராங்க்கைத் தொடாமலும் சக்தியைக் கூட்ட முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

பொருத்தும்போது கவனம்

நீண்ட ஸ்ட்ரோக்கில் ராடு போல்ட்டுகள் அகலமான வட்டத்தில் சுற்றும். பிளாக்கின் அடிவிளிம்பை உரசினால் அங்கே கொஞ்சம் ராவ வேண்டும். கிராங்க்கின் எதிர் எடைகள் பிஸ்டனின் அடிப்பாவாடையைத் தொடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, ஹெட்டை மாட்டி, கிராங்க்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றிப் பிரித்தால், வால்வுக்கு எவ்வளவு இடைவெளி என்பது களிமண்ணில் பதிந்திருக்கும். கிராங்க், ராடு, பிஸ்டன், ஃப்ளைவீல் எல்லாவற்றையும் சேர்த்து பேலன்ஸ் செய்யாமல் ஓட்டக் கூடாது. பெட்ரோல் இன்ஜெக்டர்களையும் கம்ப்யூட்டரின் அளவீடுகளையும் புதிய கொள்ளளவுக்கு ஏற்ப மாற்றியே ஆக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி. புத்தகத்தில் சி.சி.யும் எஞ்சின் எண்ணும் எழுதப்பட்டிருக்கின்றன. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி வண்டிக்கான இழப்பீட்டை மறுக்கலாம். ஒரு குடும்பத்தின் சேமிப்பே இதில் கரைந்துபோகலாம். ஆகவே இத்தகைய எஞ்சின் சாலைக்கு உரியதல்ல. இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தளங்களுக்கு உரியது.

பையனின் ஆர்வத்தை ஒரேயடியாக அடக்க வேண்டாம். கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, மேலே சொன்ன நான்கு கணக்குகளையும், அதாவது உயரம், கம்ப்ரஷன், பிஸ்டன் வேகம், ராடின் சாய்வு ஆகியவற்றை, அவனையே போடச் சொல்லுங்கள். போட்டு முடித்தவன் ஸ்பானரை எடுப்பதற்கு முன் ஒருமுறை யோசிப்பான். அப்படி யோசிப்பவனே நல்ல மெக்கானிக் ஆவான்.