பெயர் அறிந்து பார்த்தல்: இயற்கை ஒளிப்படக் கலைஞரின் அன்றாடப் பணி

படம் எடுத்தல் இன்று எல்லார்க்கும் எளிய செயலாகிவிட்டது. கைப்பேசி உடையார் அனைவரும் நாள்தோறும் படம் எடுக்கின்றனர். ஆயினும் இயற்கை ஒளிப்படக் கலைஞர் எனத்தக்கார் சிலரே. உயிரினங்களின் வாழ்க்கை முறையை அறிந்து, அதற்கேற்பத் தம் நாளை அமைத்துக்கொள்ளும் ஒழுக்கமே அவரை வேறுபடுத்துகிறது. அவ்வொழுக்கம் எத்தகையது, அதில் மொழிக்குள்ள இடம் யாது என்னும் இரண்டையும் இவ்வுரையில் காண்போம். எடுத்துக்காட்டாக, ஜொகூர் நீரிணையை ஒட்டிச் சிங்கப்பூரின் வடமேற்கே அமைந்துள்ள சுங்கை பூலோ சதுப்புநிலத்தைக் கொள்வோம். 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பெற்ற இவ்விடம், 2002இல் இயற்கைப் பாதுகாப்பிடமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

இங்குப் படம் எடுப்பவர் முதலில் பார்ப்பது கடல் ஏற்ற இறக்க அட்டவணையை. செப்டம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து வலசை வரும் உள்ளான் முதலிய கரைப்பறவைகள், நீர் வற்றும்போது சேற்றுப் பரப்பில் பரவி இரை தேடும். அப்பொழுது அவை தொலைவில் சிறு புள்ளிகளாகவே தெரியும். நீர் ஏறுங்கால் சேறு மூழ்கிவிடும். பறவைகள் பாதுகாப்பிடத்தின் உட்குளங்களுக்கு வந்து கூடும். மறைவிடத்தில் அமர்ந்திருப்பவர்க்கு அதுவே ஏற்ற வேளை. கடல் ஏற்றம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. ஆகவே, காலை வெயிலும் கடல் ஏற்றமும் ஒருங்கே அமையும் நாள்கள் ஏறத்தாழ இரு வாரத்திற்கு ஒருமுறையே வாய்க்கும். கலைஞரின் நாள்காட்டி நிலவைப் பின்பற்றுவது இதனாலேயே.

அடுத்தது ஒளி. நிலநடுக்கோட்டின் அருகில் கதிரவன் செங்குத்தாக எழுவதால், மென்மையான காலை ஒளி நெடுநேரம் நிலைப்பதில்லை. ஒன்பது மணிக்கு மேல் வெண்ணிறக் கொக்கின் இறகு நுணுக்கங்கள் வெயிலில் வெளிறிவிடும். அமர்ந்திருக்கும் பறவைக்கு நொடியில் 500இல் ஒரு பங்கு நேரம் கருவியின் கதவு திறந்திருந்தால் போதும். பறக்கும் பறவைக்கு 2000இல் ஒரு பங்கு வேண்டும். கருவியின் இக்கணக்கைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். மீன்கொத்தி எக்கிளைக்குத் திரும்பி வரும் என்பதை அறியவோ பல மாதங்கள் வேண்டும். அது பாயும் முன் தலையைத் தாழ்த்தி நீரை உற்றுப் பார்ப்பதைக் கவனித்தவரே உரிய நொடியில் விரலை அழுத்துவர். மணிக்கணக்கில் காத்திருந்து ஒரு நல்ல படமும் இன்றித் திரும்பும் நாள்களும் உண்டு.

மூன்றாவது, தன்னடக்கம். வலசைப் பறவைகளுட் சில சைபீரியாவில் இனப்பெருக்கம் செய்வன. அவை மீண்டும் அத்தொலைவைக் கடக்க உடலில் கொழுப்பைச் சேர்க்கின்றன. பறக்கும் காட்சியை விரும்பிக் கூட்டத்தைக் கலைப்பவர், அச்சேமிப்பை வீணாக்குகிறார். இரை வைத்து ஈர்ப்பதும் தவறு; காட்டுயிர்க்கு உணவிடுவதைச் சிங்கப்பூர்ச் சட்டம் தடைசெய்கிறது. கூட்டின் அருகிலுள்ள இலைகளை விலக்கினால் குஞ்சுகளைப் பகை உயிர்கள் கண்டுகொள்ளும். வைக்கோல் நிறத் தலையுடைய சின்னான் என்னும் பாடும் பறவையோ, அதன் குரலுக்காகப் பிடித்து விற்கப்பட்டதனால் பல நாடுகளில் அருகிவிட்டது. அதற்கு எஞ்சியுள்ள முதன்மையான புகலிடங்களுள் சிங்கப்பூரின் புலாவ் உபின் ஒன்று. இத்தகைய பறவையைப் படம் எடுப்பவர், அது கூடு கட்டிய இடத்தை வெளியிடார்.

வீடு திரும்பியபின் எஞ்சிய பணி தொடங்குகிறது. படங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றின்கீழும் பெயர், இடம், நாள், நேரம், உயிரினத்தின் செயல் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். இக்குறிப்பு இல்லாத படம் அழகுக்கு மட்டுமே உதவும். குறிப்புள்ள படம் சான்றாகும். இங்கேதான் மொழி நுழைகிறது.

தமிழில் பறவைப் பெயர்கள் பெரும்பாலும் கூர்ந்து பார்த்ததன் விளைவாகப் பிறந்தவை. செயலால் பெயர் பெற்றவை மீன்கொத்தி, மரங்கொத்தி, வாலாட்டி. உருவத்தால் பெற்றவை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன். ஒலியால் பெற்றவை காக்கை, குக்குறுவான். ஆள் வருவதைக் கண்டு கூவி அறிவிக்கும் பறவைக்கு ஆள்காட்டி என்று பெயர். அப்பெயரை அறிந்த கலைஞர், அதன் குரல் எழுந்தவுடன் தாம் கண்டுகொள்ளப்பட்டதை உணர்ந்து அசையாது நிற்பார். ஒரு சொல்லே களப்பாடமாக அமைவதை இங்குக் காண்கிறோம்.

இப்பெயர்களின் அமைப்பும் ஒழுங்குடையது. இனப்பெயர் இறுதியில் நிற்க, அடைமொழி முன்வரும். வெண்மார்பு மீன்கொத்தி வழக்கிலுள்ள பெயர். கழுத்தைச் சுற்றி வெண்பட்டையுடைய மற்றொரு மீன்கொத்தி நம் கடற்கரைகளில் மிகுதி. மாணவர் ஒருவர் அதனை ‘வெண்கழுத்து மீன்கொத்தி’ என எழுதினால், கேட்பவர் எவர்க்கும் பொருள் விளங்கும். வழக்கில் பெயர் உண்டா என முதலில் தேடுதலும், இல்லையெனில் இம்முறையில் ஆக்குதலும் நல்ல மொழிப்பயிற்சியாகும்.

படத்தின்கீழ் ‘ஒரு பறவை’ என்று மட்டும் எழுதும் பழக்கம் பரவினால், இழப்பு மொழிக்கும் பார்வைக்கும் உண்டு. பெயர் அறியாதவர்க்கு உள்ளானும் கொக்கும் ஒன்றே. ஒன்று வாராமற்போனாலும் அவர் அறியார். தமிழோ வீட்டுப் பேச்சிற்கும் விழா மேடைக்கும் உரியதாகச் சுருங்கி, கண்முன் உள்ள உலகைக் குறிக்கும் ஆற்றலை இழக்கும்.

ஆசிரியர்கள் இதற்குப் பெரிய ஏற்பாடு செய்ய வேண்டுவதில்லை. பள்ளி வளாகத்தில் காணும் மைனா, குயில், தேன்சிட்டு ஆகியவற்றை மாணவர் கைப்பேசியில் படம் எடுக்கட்டும். ஒவ்வொரு படத்தின்கீழும் பெயர், நாள், நேரம், அவ்வுயிர் செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றைத் தமிழில் இரண்டு தொடர்களில் எழுதட்டும். ஓராண்டு இதனைத் தொடர்ந்தால், அவ்வளாகத்திற்குரிய உயிரினப் பதிவேடு ஒன்று வகுப்பின் கையில் இருக்கும். அது தமிழிலும் இருக்கும்.