தலைக்கவசம்

மோட்டார் சைக்கிளினின்று விழுவோர்க்கு நேரும் கை கால் முறிவு பெரும்பாலும் ஆறிவிடும். மூளைக்கு நேரும் ஊறோ அங்ஙனம் ஆறுவதன்று. ஆதலின் முதற்கண் காக்கத்தக்கது தலையே. இவ்வுண்மை நிலைபெற்ற வரலாறு அறியத்தக்கது.

‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் 1935-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள், இங்கிலாந்தில் டார்செட் பகுதியில் தம் இல்லத்தருகே மோட்டார் சைக்கிளில் விரைந்து வந்தார். சைக்கிளிற் சென்ற இரு சிறுவர்மீது மோதாவண்ணம் வண்டியைத் திருப்பியபோது தூக்கியெறியப்பட்டார். தலையிற் கவசமில்லை. நினைவு மீளாமலே 19-ஆம் நாள் உயிர்நீத்தார். அவரைப் பார்வையிட்ட மருத்துவருள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர். போர்க்காலத்தில் செய்தி கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர் பலர் தலையடியால் மாளக் கண்டு, அவர் ஆராய்ந்து, கவசத்தின் பயனை 1941-இல் வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டிஷ் இராணுவம் அவ்வீரர்க்குக் கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. அந்நாட்டுப் பொதுமக்களுக்கு அச்சட்டம் 1973-இல்தான் வந்தது.

இனி, கவசம் காப்பது எங்ஙனம்? புற ஓடு அடியை ஓரிடத்தே தாக்கவிடாது பரவச் செய்யும். உட்புற மெத்தை தான் நசுங்கி, தலையின் வேகத்தைச் சிறிது சிறிதாகத் தணிக்கும். அதனால் மூளை மண்டையோட்டில் மோதும் விசை குறையும். நசுங்கிய மெத்தை மறுமுறை உதவாது. ஆகவே விபத்திற்கு உட்பட்ட கவசத்தை மாற்றுதல் வேண்டும். மோவாய் வாரை இறுகக் கட்டாவிடின், தலை தரையைச் சேருமுன் கவசம் கழன்றுபோம்.

மாணவ நண்பர்களே! லாரன்ஸ் வீழ்ந்தது தொலைதூரப் பயணத்திலன்று. நன்கு பழகிய சாலையிலேயாம். ‘அருகில்தானே’ என்று கவசத்தை வீட்டில் வைத்துச் செல்லுதல் அறிவுடைமையாகாது.